கொல்லங்கோடு நகராட்சி: எதுவரை நம்ம எல்லை, எத்தனை பேர்?

அப்பாவூர் தேடி:
எல்லோருக்கும் வணக்கம். அப்பாவின் சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டத்துக் கொல்லங்கோடு, நான் பிறந்து வளர்ந்தது எல்லாம் ஆவடி. கல்லூரியில் கடலோர உள்ளாட்சி ஒன்றைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார்கள். சரி, நம்ம ஊரையே எழுதிவிடலாம் என்று இணையத்தில் தேடினால் பச்சை வயலும் மலையும் ஓலைக்கூரை டீக்கடையுமாக வருகிறது, கடலைக் காணோம்! அரை நாள் வீணான பிறகுதான் அது பாலக்காட்டுக் கொல்லங்கோடு என்று தெரிந்தது. நம்ம கொல்லங்கோட்டின் எல்லை எது, தமிழ்நாட்டோடு எப்போது சேர்ந்தது, மக்கள்தொகை எவ்வளவு? ஒரு தளத்தில் இருக்கிற எண் இன்னொன்றில் இல்லை.

வெங்கஞ்சிக்காரன்:
எண் பொருந்தாததற்குக் காரணம் இருக்கிறது தம்பி. இப்போதிருக்கும் நகராட்சி 2021இல்தான் வந்தது, கொல்லங்கோடு, ஏழுதேசம் என்ற இரண்டு பேரூராட்சிகளைச் சேர்த்து உண்டாக்கினார்கள், முதல் தேர்தல் 2022 பிப்ரவரியில். கடைசியாக நடந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்போ 2011. அதில் கொல்லங்கோடு தனி, ஏழுதேசம் தனி. நீ இரண்டையும் எடுத்துக் கூட்ட வேண்டும், கொல்லங்கோடு என்ற ஒற்றை வரியை மட்டும் எழுதினால் பாதி ஊர் காணாமல் போய்விடும். புது எண்ணுக்கு 2027 கணக்கெடுப்பு வரைக்கும் காத்திருக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று, நகராட்சி என்றதும் ஆவடி மாதிரி நினைத்துவிடாதே. இங்கே தென்னந்தோப்பு, மரச்சீனி (மரவள்ளி), ரப்பர், நடுவே வீடு. குமரி மாவட்டமே அப்படித்தான், ஐம்பதுக்கும் மேல் பேரூராட்சிகள் இருப்பதால் 2011 கணக்கில் மாவட்டத்தின் 18.7 லட்சம் பேரில் 82 சதவீதம் நகர்ப்புறம் என்று வந்தது. ஓணத்துக்கு ஊஞ்சல் கட்டிய மாமரத்தடியில் நின்றுகொண்டு நானும் நகரவாசி என்றால் சிரிப்பு வராதா?

வரலாறு: திருவிதாங்கூர் ஆட்சியில் விளவங்கோடு தாலுகாவில் இருந்தோம். 1956 நவம்பர் 1இல் விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் நான்கும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழ்ப் பகுதிகளைத் தமிழ்நாட்டோடு சேர்க்க நேசமணி தலைமையில் போராடியவர்கள் மேற்கே ஒட்டியிருக்கும் நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் கேட்டார்கள், கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் நாம் எல்லையூரே இல்லை. அப்புறம் பத்திரகாளி கோயில் தூக்க நேர்ச்சையை (உயரத்தில் தொங்குபவர் கையில் குழந்தையைக் கொடுத்துக் கோயிலைச் சுற்ற வைக்கும் நேர்த்திக்கடன்) விட்டுவிடாதே, மூலக்கோயில் வட்டவிளையில், தூக்கம் நடப்பது எங்கள் வெங்கஞ்சியில், நேர்ச்சைக் குழந்தையோடு வருகிற கூட்டத்தில் பாதி கேரளத்திலிருந்துதான்.

தூத்தூர் வள்ளம்:
அண்ணன் நன்றாகச் சொன்னார், ஆனால் கடலோர உள்ளாட்சி என்று கேட்ட பிள்ளைக்குக் கடலையே காட்டவில்லையே! குழித்துறையாறு கடலில் விழும் தேங்காப்பட்டணத்திலிருந்து கேரள எல்லை வரை எட்டு ஊர்: இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி. கரையில் நடந்தால் ஒரு ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று தெரியாது. எங்கள் தூத்தூர் நகராட்சிக்குள் வராது, தனி ஊராட்சி, அதைச் சேர்த்து எழுதிவிடாதே. மேற்குக் கோடியில் நீரோடி, அதைத் தாண்டினால் பொழியூர், கேரளம்.

1956 எல்லாம் சர்க்கார் கச்சேரிக்காரர்கள் (அரசு அலுவலர்கள்) போட்ட கோடு. சவேரியார் 1544இல் இந்தக் கரையில் ஞானஸ்நானம் கொடுத்துப் போன காலத்தில் ஏது எல்லை? இன்றைக்கும் எங்கள் எட்டு ஊர்ப் பள்ளிகளும் (தேவாலயங்கள்) திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தில்தான், ஆற்றுக்குக் கிழக்கே இனயம், குளச்சல் எல்லாம் கோட்டாறு மறைமாவட்டம். ஓட்டு இங்கே, ஆயர் அங்கே.

மக்கள்தொகை எழுதும்போது இதையும் யோசி: எங்கள் போட்டுகள் சுறாவும் சூரையும் தேடி வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்குபவை, பெரும்பாலும் கொச்சியிலிருந்து புறப்படும், பிடித்ததை அங்கேயே இறக்கும். கணக்கெடுக்க ஆள் வரும் நாளில் பாதி ஆண்கள் லட்சத்தீவுப் பக்கம் இருப்பார்கள், பெண்கள்தான் பெயர் சொல்லி எழுத வைப்பது. 2017 நவம்பர் கடைசியில் ஓகி புயல் வந்தபோதும் அப்படித்தான், கரையில் இருந்தவர்களுக்கே எச்சரிக்கை தாமதம், வெளியே கிடந்தவனுக்கு யார் சொல்வது? வள்ளவிளையிலும் சின்னத்துறையிலும் தூத்தூரிலும் எத்தனை வீட்டில் ஆண் துணை போயிற்று என்று இங்கே வந்து கேள்.

பொழியூர் மருமகன்:
குழப்பம் போதாது என்றால் இன்னொன்று தருகிறேன். எல்லைக்கு இந்தப் பக்கம், பொழியூரில், தெற்குக் கொல்லங்கோடு என்று ஒரு மீனவர் ஊர் இருக்கிறது! ஆக மூன்று கொல்லங்கோடு. அதற்கும் நீரோடிக்கும் நடுவே கடலோரச் சாலையைக் கடல் தின்றுவிட்டது. தமிழ்நாட்டுப் பக்கம் தூண்டில் வளைவு (கடலுக்குள் நீளும் கல் தடுப்பு) போட்டதால்தான் மணல் எங்களுக்கு வராமல் நின்றுபோனது என்று பொழியூர்க்காரர்கள் சொல்வார்கள், நீரோடியில் இருக்கும் என் மாமியார் அதை ஒத்துக்கொள்ள மாட்டார். நான் இரண்டு வீட்டிலும் சாப்பிட வேண்டியவன், வாயைத் திறப்பதில்லை.

ஏ.வி.எம். (அனந்த விக்டோரியா மார்த்தாண்டன்) கால்வாயையும் ஒரு வரி எழுது. திருவனந்தபுரத்திலிருந்து கன்னியாகுமரிக்கு நீர்வழி என்று 1860இல் தொடங்கியது, பூவாறு பக்கமிருந்து மண்டைக்காடு வரை வந்து நின்றது. ஒரு காலத்தில் கயிறும் உப்பும் தோணியில் போன வழி, இப்போது பல இடத்தில் சாக்கடை.

அப்பாவூர் தேடி:
எல்லோருக்கும் நன்றி. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், மூன்று கொல்லங்கோடு என்றதும் சிரித்துவிட்டு, தான் வட்டவிளை என்றார். இத்தனை வருடம் என்னிடம் சொன்னதே இல்லை.

வெங்கஞ்சிக்காரன்:
வட்டவிளையா! அப்படியென்றால் தூக்கம் நடக்கும் மீனப் பரணிக்கு (மலையாள மீன மாதப் பரணி நாள்) அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா மக்கா. காலையிலேயே வந்துவிடு, பிந்தினால் வண்டியை ஊரம்பில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டியதுதான்.