புதுப்பிப்பு: 3+3 முறையும் சோட்டோராசிப் டோஸும்

புற்றுநோய் மருந்துகளின் முதல் கட்டப் பரிசோதனையில் மும்மூன்று நோயாளிகளாகச் சேர்த்து டோஸ் ஏற்றும் 3+3 முறை பற்றிய என் முந்தைய இழையில் ஒரு திருத்தம். மூவரில் ஒருவருக்குக் கடும் நச்சு விளைவு வந்தால் உடனே நிறுத்துவார்கள் என்பதுபோல் எழுதியிருந்தேன்; அப்படி நிறுத்துவதில்லை. அதே டோஸில் இன்னும் மூவரைச் சேர்ப்பார்கள். ஆறில் ஒருவரோடு நின்றால் மேலே ஏறலாம். இருவரோ அதற்கு மேலோ ஆனால் முந்தைய டோஸுக்கு இறங்க வேண்டும்.

இதில் கணக்கில் வருவது பெரும்பாலும் முதல் 21 அல்லது 28 நாளில் தோன்றும் நச்சு விளைவுதான். சிக்கலே அங்கேதான்: மூன்றாம் மாதம் தொடங்கும் வயிற்றுப்போக்கு இதில் சேராது.

நுரையீரல் புற்றுக்கான சோட்டோராசிப்பை 180-லிருந்து 960 மி.கி. வரை ஏற்றியும், இதற்கு மேல் உடல் தாங்காது என்ற உச்சவரம்பு தட்டவில்லை. ரத்தத்தில் மருந்தளவும் அந்த விகிதத்தில் கூடவில்லை. 2021-இல் 960 மி.கி.யை (120 மி.கி. மாத்திரை எட்டு, விழுங்குவதே ஒரு வேலை) அனுமதித்த அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பான எஃப்டிஏ, அதனால் அதைக் குறைந்த டோஸான 240 மி.கி.யோடு ஒப்பிட்டுக் காட்டவும் சொன்னது.