4கே எடிட்டிங்குக்கு எந்த பிராசசர்? அவசரம்

கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோ
வணக்கம். கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். இப்போது இருக்கும் சிஸ்டத்தில் 4கே கிளிப்பை டைம்லைனில் போட்டாலே திக்கித் திக்கி ஓடுகிறது. பிராசசரை மாற்றப் போகிறேன். ஐ9 14900கே எடுக்கலாமா, ரைசன் 9 9950எக்ஸ் எடுக்கலாமா? கர்க்கடகம் முடிந்து சிங்கம் பிறந்தால் இந்தப் பக்கம் வரிசையாக முகூர்த்தம். தமிழ்நாட்டுப் பக்கமும் ஆவணி. அதற்குள் முடிக்க வேண்டும். பட்ஜெட் ஒரு லட்சம்.

வாளையாரான்
9950எக்ஸ். 16 கோர், 32 த்ரெட். யோசிக்கவே வேண்டாம். ஐ9 மாட்டும் இன்டெல்லின் 1700 சாக்கெட் 14-ஆம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. ரைசன் மாட்டும் ஏஎம்5 போர்டுக்கு 2027 வரையாவது ஆதரவு உண்டு என்று ஏஎம்டியே சொல்லியிருக்கிறது.

பொள்ளாச்சி எடிட்டர்
இப்போது என்ன சிஸ்டம் வைத்திருக்கிறீர்கள்? என்ன கேமரா, என்ன சாஃப்ட்வேர், கிராபிக்ஸ் கார்டு எது? இது தெரியாமல் எதைச் சொல்வது?

பழைய மதர்போர்டு
எங்கே வலிக்கிறது என்று சொல்லாமல் எந்த மாத்திரை போடலாம் என்று கேட்கிறார். இதே கேள்விக்கு இங்கே எத்தனையோ முறை பதில் எழுதியாயிற்று. தேடிப் படிக்கும் பழக்கம் போய்விட்டது. ஐ9 வாங்கினால் எல்லாம் பறக்கும் என்று ரீல்ஸ் பார்த்து நம்புகிறவர்களுக்கு நான் என்ன சொல்ல.

தத்தமங்கலத்தான்
பிராசசரை விடுங்கள். ஃபுட்டேஜ் ஹார்ட் டிஸ்கில்தானே இருக்கிறது? அதுதான் காரணம். வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள், சரியாகிவிடும்.

கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோ
ஐ5 12400, 16 ஜிபி ராம், கார்டு 1660 சூப்பர். பிரீமியர் புரோ. கேமரா சோனி. எஸ்எஸ்டியில்தான் வைத்து எடிட் செய்கிறேன் அண்ணா. பழைய கேமராவில் எடுத்த 4கே இதே சிஸ்டத்தில் நன்றாக ஓடுகிறது. புது கேமரா வந்த பிறகுதான் இப்படி.

பொள்ளாச்சி எடிட்டர்
கடைசி வரியை முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாம் தம்பி. சோனியில் எந்த மாடல்? மெனுவில் ஃபைல் ஃபார்மட் எக்ஸ்ஏவிசி எஸ்-ஆ, எக்ஸ்ஏவிசி எச்எஸ்-ஆ? நிறத்தை எவ்வளவு நுணுக்கமாகப் பதிகிறது, 4:2:0 8 பிட்டா, அதைவிட நுணுக்கமான 4:2:2 10 பிட்டா? இன்னொன்று, பிராசசர் 12400-ஆ, 12400எஃப்-ஆ? பில்லைப் பார்த்துச் சொல்லுங்கள்.

தத்தமங்கலத்தான்
எஸ்எஸ்டி என்றாலும் பழைய சாட்டா வகையாக இருந்தால் வேகம் பற்றாது.

பொள்ளாச்சி எடிட்டர்
சோனியின் 4கே 25பி (விநாடிக்கு 25 ஃப்ரேம்), 4:2:2 10 பிட் என்றால் விநாடிக்கு 140 மெகாபிட். அதாவது 17.5 மெகாபைட். சாதாரண ஹார்ட் டிஸ்கே அதைக் கொடுக்கும். நாலு கேமரா மல்டிகேம் என்றால் டிஸ்கைப் பற்றிப் பேசலாம். ஒற்றைக் கிளிப் திக்குவதற்கு டிஸ்க் காரணமில்லை.

ஆப்பிள் தோட்டம்
மேக் மினி எம்4 வாங்குங்கள், இந்தப் பஞ்சாயத்தே இல்லை.

கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோ
ஏ7 4. எக்ஸ்ஏவிசி எஸ், 4:2:2 10 பிட், 25பி. பில்லில் 12400எஃப் என்று இருக்கிறது. அந்த எஃப்பால் என்ன வந்துவிடப் போகிறது?

பொள்ளாச்சி எடிட்டர்
அதில்தான் விஷயமே இருக்கிறது. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

எக்ஸ்ஏவிசி எஸ் என்பது எச்.264 என்ற முறையில் வீடியோவைச் சுருக்கி வைப்பது, எச்எஸ் என்பது எச்.265. எச்.264-ஐ 4:2:2 10 பிட்டில் எடுத்தால் அதைப் பிரித்துக் காட்ட ஹார்டுவேர் கிடைப்பது அரிது. உங்கள் 1660 சூப்பரில் இருக்கும் டிகோடர், அதாவது சுருக்கியதைப் பிரிக்கும் பகுதி, 4:2:2-வைத் தொடாது. ஆர்டிஎக்ஸ் 40 வரிசை கார்டுகளும் தொடாது. பழைய கேமரா 8 பிட் 4:2:0-வில் எடுத்திருக்கும், அதைக் கார்டே பிரித்துக் கொடுத்துவிடும். அதனால்தான் அது ஓடுகிறது. புது ஃபுட்டேஜில் வேலை முழுக்க பிராசசரின் ஆறு கோர் தலையில் விழுகிறது. அதுவும் லாங் ஜிஓபி என்ற வகை. ஒரு ஃப்ரேமைக் காட்ட முன்னும் பின்னும் உள்ள ஃப்ரேம்களையும் சேர்த்துப் பிரிக்க வேண்டும். ப்ளேஹெட்டைப் பின்னால் இழுத்தால் இன்னும் மோசமாகத் திக்குமே, கவனித்தீர்களா?

எஃப் என்று முடியும் இன்டெல் பிராசசரில் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கிராபிக்ஸ் இல்லை என்றால் அதற்குள் இருக்கும் டிகோடரான குயிக் சிங்க்கும் இல்லை. டெஸ்க்டாப்பில் 11-ஆம் தலைமுறையிலிருந்து இன்டெல் குயிக் சிங்க் எச்.265 4:2:2 10 பிட்டை ஹார்டுவேரிலேயே பிரிக்கும். ஆனால் எச்.264 4:2:2-வை 14900கே-யின் குயிக் சிங்க்கும் பிரிக்காது. ஆக, நீங்கள் ஐ9 வாங்கினாலும் இப்போது எடுத்து வைத்திருக்கும் ஃபுட்டேஜுக்கு வெறும் கோர் பலம்தான். 9950எக்ஸிலும் அதே கதை. அதில் இருக்கும் சின்ன கிராபிக்ஸுக்கு 4:2:2 தெரியாது. போதாததற்கு ஏஎம்5 போர்டில் டிடிஆர்5 மட்டும்தான் போடலாம். உங்களுடையது டிடிஆர்4 என்றால் ராமும் புதிதாக வாங்க வேண்டும்.

எச்.264, எச்.265 இரண்டையும் 4:2:2-வில் பிரிக்கும் கார்டு ஆர்டிஎக்ஸ் 50 வரிசை. ஒரு 5060 போதும். பிராசசரைத் தொடாதீர்கள். பிரீமியரைப் புதிய பதிப்புக்கு மாற்றுங்கள், பழையதில் இந்த வசதி வராது.

வாளையாரான்
எக்ஸ்போர்ட், நாய்ஸ் ரிடக்‌ஷன், வார்ப் ஸ்டெபிலைசர் இதற்கெல்லாம் கோர் வேண்டாமா? எப்போதும் டிகோடர் டிகோடர் என்றே பேசுகிறீர்கள்.

பொள்ளாச்சி எடிட்டர்
வேண்டும்தான். ஆனால் அவர் கேட்டது டைம்லைன் திக்குவதைப் பற்றி.

மீன்கரை
காசே செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. புராக்ஸி, அதாவது எடிட்டுக்கு லேசான நகல். ராத்திரி கிளிப்புகளை மீடியா என்கோடரில் விட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் புராக்ஸியில் வெட்டி, எக்ஸ்போர்ட் மட்டும் ஒரிஜினலில்.

கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோ
ஞாயிற்றுக்கிழமை கல்யாணம், அன்றைக்கே ரிசப்ஷனில் ஹைலைட்ஸ் ஓட வேண்டும் என்று கேட்கிறார்கள். புராக்ஸிக்கு எங்கே நேரம்? எச்எஸ்-க்கு மாற்றிப் பார்த்தேன், 4கே-யில் 25 காட்டவில்லை, 50 தான் வருகிறது.

பழைய மதர்போர்டு
மேனுவலில் எழுதியிருக்கிறது.

மீன்கரை
மேனுவலை அவர் படித்துவிட்டால் உங்களுக்கு இங்கே என்ன வேலை ஐயா?

பழைய மதர்போர்டு
சரி, உபயோகமாகவே ஒன்று சொல்கிறேன். 14900கே முழு வேகத்தில் 253 வாட் இழுக்கும். சாதாரண பி660 போர்டும் சின்ன கூலரும் வைத்துக்கொண்டு, மீனமாதம் பாலக்காட்டுச் சூட்டில், ஏசி இல்லாத அறையில் ஓட்டிப் பாருங்கள். 13, 14-ஆம் தலைமுறையில் வோல்டேஜ் ஏறிப் பிராசசர் கெட்டுப்போகும் பிரச்சினைக்கு 2024 ஆகஸ்டிலிருந்து இன்டெல் மைக்ரோகோடு என்ற திருத்தம் விட்டது, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டியது. அந்த பயாஸ் அப்டேட் போடாத போர்டில் இதை யாரும் மாட்டாதீர்கள்.

காந்திபுரம் பக்கம்
எதுவானாலும் கோவைக்கு வந்து வாங்குங்கள். நாலு கடை ஏறி இறங்கினால் விலை குறையும்.

தத்தமங்கலத்தான்
கோவையில் வாங்கினால் தமிழ்நாட்டு எஸ்ஜிஎஸ்டி, அதாவது மாநில ஜிஎஸ்டி விழும். கேரள ஜிஎஸ்டி பதிவில் அந்தக் கிரெடிட்டை எடுத்து, நீங்கள் கட்டும் வரியில் கழிக்க முடியாது. வரி 18 சதவீதம், பாதி போய்விடும். திருச்சூரே மேல்.

காந்திபுரம் பக்கம்
ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து, கொழிஞ்சாம்பாறை முகவரிக்கு டெலிவரி என்று சொல்லி ஐஜிஎஸ்டி, அதாவது மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான ஜிஎஸ்டி பில் கேளுங்கள். முழுக் கிரெடிட்டும் வரும். கல்லாவில் காசைக் கொடுத்துக் கையோடு எடுத்துப் போனால்தான் தகராறு.

தத்தமங்கலத்தான்
வேலந்தாவளம் செக்போஸ்டில் பிடித்தால்?

காந்திபுரம் பக்கம்
எந்தக் காலத்தில் இருக்கிறீர்கள்? 2017-இல் ஜிஎஸ்டி வந்தபோதே வணிகவரி செக்போஸ்ட் போயிற்று. மாநிலம் விட்டு மாநிலம் 50,000 ரூபாய்க்கு மேல் சரக்கு போனால் இ-வே பில் வேண்டும், அதைக் கடையே போட்டுக் கொடுக்கும். ஒரு கார்டு அந்த அளவுக்கு வராது.

தத்தமங்கலத்தான்
வழியில் பறக்கும் படை இருக்கிறதே. பில்லில் ஒரு எழுத்து தப்பினாலும் வண்டியை ஓரங்கட்டுவார்கள்.

வாளையாரான்
பிராசசர் இழை வரி இழையாகிவிட்டது. நான் இன்னமும் 9950எக்ஸ்தான்.

பொள்ளாச்சி எடிட்டர்
தம்பி, இருக்கிறீர்களா? உங்கள் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) எத்தனை வாட்? 1660 சூப்பர் 125 வாட், 5060 145 வாட். பெரிய வித்தியாசமில்லை, ஆனால் லோக்கல் எஸ்எம்பிஎஸ் என்றால் அதையும் மாற்றுங்கள். கேமராவில் எஸ் 25பி-யே இருக்கட்டும், 50பி-க்குப் போக வேண்டாம்.

கொழிஞ்சாம்பாறை ஸ்டுடியோ
மன்னிக்கவும், இரண்டு பக்கமும் வேலை. 5060 மாட்டியாயிற்று. கிளிப் ஓடுகிறது, பின்னால் இழுத்தாலும் திக்கவில்லை. கலர் போட்டால் மட்டும் ராம் நிரம்பி நின்றுவிடுகிறது. அப்புறம் வருகிறேன்.

பொள்ளாச்சி எடிட்டர்
16 பற்றாது, 32 ஆக்குங்கள். வாங்குவதற்கு முன் போர்டு டிடிஆர்4-ஆ, டிடிஆர்5-ஆ என்று பார்த்துக்கொள்ளுங்கள். பி660-இல் இரண்டு வகையும் உண்டு, ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் ஏறாது.

காந்திபுரம் பக்கம்
எங்கே வாங்கினீர்கள்? ஐஜிஎஸ்டி போட்டார்களா?

தத்தமங்கலத்தான்
நானும் அதைத்தான் கேட்க வந்தேன்.