கழுவிக் கழுவிப் பாசியையே தொலைத்த கதை

எம்.எஸ்ஸி. ப்ராஜெக்ட்டுக்கு மாஸ் சேகரிக்கக் கொடைக்கானல் போகிறேன் என்றதும், "பாசி பொறுக்க அவ்வளவு தூரம் எதுக்குடா? நம்ம கிணத்துப் படியிலயே கிடக்கே" என்றார் அம்மா. அவர் சொன்னது வேறு பாசி; நான் தேடியது மாஸ், பாறையிலும் மண்ணிலும் ஒட்டி வளரும் குட்டி இலைச் செடி. ஆனாலும் படிப்பு முடிகிற வரை வீட்டில் எனக்குப் 'பாசி' என்றே பேர்.

மலையில் வேலை சுலபம்தான். கத்தியால் நெம்பி எடுத்துக் காகித உறையில் போட வேண்டும். பாறையா, மரப்பட்டையா, மண்ணா, என்ன உயரம், என்ன தேதி என்று உறைமேல் பென்சிலால் எழுத வேண்டும். முதல் நாள் ஜெல் பேனாவால் எழுதினேன். சாயங்காலம் பையைத் திறந்தால் நாலு உறையில் ஊர்ப் பெயருக்குப் பதிலாக நீலக் கறைதான் இருந்தது.

லேபுக்குத் திரும்பியதும் எடுத்து வந்த மாஸை ஊறவைத்துக் கழுவ வேண்டும். அதில் எனக்குப் பிடித்தது ஊறப்போடும் கட்டம். சாலையோர மண்மேட்டில் எடுத்த போகோனேட்டம் என்ற மாஸ், காய்ந்து சுருண்டு துடைப்பக் குச்சி மாதிரி கிடந்தது. தட்டில் வைத்து இங்க் ஃபில்லரால் தண்ணீர் விட்டேன். தண்டோடு ஒட்டிக்கிடந்த இலைகள் மெதுவாக வெளியே சாய்ந்து, கொஞ்ச நேரத்தில் மேலிருந்து பார்க்க நட்சத்திரமாகிவிட்டது. ஹெர்பேரியத்தில், அதாவது உலர்ந்த செடிகளைச் சேர்த்துவைக்கும் இடத்தில், பல வருடம் கிடந்த மாஸும் ஈரம் பட்டால் இப்படி இலை விரிக்கும். உயிர் வந்துவிட்டதென்று அர்த்தமில்லை. இலையின் வடிவம் திரும்புகிறது, அவ்வளவுதான். அதனால்தான் மாஸைப் பூச்செடி மாதிரி தாளில் ஒட்டாமல் உறையில் போட்டு வைக்கிறார்கள். எப்போது வேண்டுமானாலும் ஒரு தண்டை எடுத்து நனைத்துப் பார்க்கலாம்.

சரி, தொலைத்த கதைக்கு வருகிறேன். அடுத்த உறையில் ஃபிஸிடென்ஸ் என்ற மாஸ் இருந்தது. இரண்டு வரிசையில் இலை அடுக்கிய குட்டி இறகு போல இருக்கும். உயரம் சில மில்லிமீட்டர்தான். தண்ணீர் தெளிகிற வரை கழுவ வேண்டும் என்று யாரோ சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, டீ வடிகட்டியில் போட்டுக் குழாயடியில் பிடித்தேன். மண் கலங்கி வந்தது. மறுபடி பிடித்தேன். இன்னும் வந்தது. ஒருவழியாகத் தண்ணீர் தெளிந்தபோது வடிகட்டியில் நாலைந்து இலையும் ஒரு மொட்டைக் காம்பும் மிச்சம். மேடம் எட்டிப் பார்த்தார். வடிகட்டியைப் பார்த்தார், சிங்க்கைப் பார்த்தார். "உன் ஸ்பெசிமன் அந்தப் பக்கம் போயிடுச்சுப்பா" என்றார்.

இத்தனை சின்ன மாஸுக்கு மண்தான் பிடிமானம். மண் போனால் செடியும் கூடவே போகும். அப்புறம் இந்த மாதிரி மண்மாஸைக் குழாயடிக்கே கொண்டுபோனதில்லை. அடிமண்ணை அரை சென்டிமீட்டர் அளவுக்குச் செதுக்குவேன். தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையை அடிப்பக்கம் மட்டும் தடவி அட்டைத் துண்டில் உட்காரவைப்பேன். காய்ந்ததும் அட்டையோடு உறைக்குள் போய்விடும்.

கொடைக்கானல் இருக்கும் இதே பழநி மலைத்தொடரில் மாஸ் சேகரித்து 1961இல் ஒரு பெரிய பட்டியலே வெளியிட்டவர் ஜார்ஜ் ஃபோரோ என்ற இயேசு சபைப் பாதிரியார். அவர் டீ வடிகட்டி பக்கம் போயிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

* * *

நீங்கள் மேலே எழுதிய வடிகட்டிக் கதையைப் படித்ததும், மாஸ் சேகரித்த என் பாவமும் நினைவுக்கு வந்துவிட்டது. மரப்பட்டையில் எடுத்த மாஸைச் 'சுத்தம்' செய்கிறேன் என்று அதில் பின்னிக்கிடந்த செம்பழுப்பு நூல்களை ஃபோர்செப்ஸால் பிடுங்கிப் பிடுங்கிப் போட்டேன். ஒரு மணி நேர வேலை. சீனியர் அக்கா குப்பைத் தட்டிலிருந்து ஒரு நூலை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தார். இலைக்கு அடியில் குட்டிக் குட்டி ஹெல்மெட்டுகள். ஃப்ருல்லானியா! மாஸ் இல்லை, அதற்கு உறவான லிவர்வோர்ட் என்ற வேறு வகைக் குட்டிச் செடி. குப்பை என்று நான் ஒதுக்கியதற்கே தனி உறை, தனி எண் போட வேண்டியதாயிற்று.

இன்னொன்று. பூச்செடி அழுத்தும் பிரெஸ்ஸில் மாஸை வைத்து இறுக்கிவிடாதீர்கள். நான் செய்தேன். கேப்சூல், அதாவது மாஸின் வித்துப்பை, எல்லாம் அப்பளம். பல மாஸில் கேப்சூல் வாயில் இருக்கும் பற்களைப் பார்த்துத்தான் இனத்தை உறுதி செய்ய முடியும். இப்போது பழைய பேப்பர் மடிப்பில் வைத்து ஈரத்தை ஒற்றி எடுத்து, நிழலில் காயவிடுவதோடு சரி.

* * *

மேலே எழுதிய இருவரையும் மூன்றாவது ஆளாக நான் கேட்கிறேன்: மாஸ் கழுவிய தண்ணீரை நீங்கள் எல்லாரும் கொட்டிவிடுகிறீர்களா? எங்கள் லேபில் ஒருநாள் சும்மா ஒரு சொட்டு எடுத்து ஸ்லைடில் விட்டுப் பார்த்தோம். எட்டுக் குட்டைக் கால்களோடு ஒரு நீர்க்கரடி என்ற நுண்ணிய விலங்கு, மண்துகளைப் பிடித்துக்கொண்டு தத்தித் தத்தி நடந்தது. பக்கத்து லேப் பிள்ளைகள்கூட வரிசையில் நின்று பார்த்தார்கள். ஊறவைத்த பதினோரு மாஸும் அன்றைக்குத் தட்டிலேயே கிடந்தன.