மிதிக்கத் தெரிந்த பிறகே சக்கரம்

புதுச்சேரியில் 1971ஆம் ஆண்டு ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறையின் வழிவந்த ஒருவரிடம்தான் நான் சக்கரம் பழகினேன். அங்கே மண் பாலித்தீன் பையில், பதமாக, கல் இல்லாமல் வந்தது. மண்ணைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்பது மதுரைக்குத் திரும்பி மானாமதுரைக்குப் போகத் தொடங்கிய பிறகே தெரிந்தது.

அங்கே மண்பாண்டம் செய்யும் வேளார் பெரியவர் ஒருவரிடம் வேலை கற்க வேண்டும் என்றேன். "மிதிக்கத் தெரியுமா தம்பி?" என்று கேட்டார். வெவ்வேறு கண்மாய்களின் மண்ணைக் கலந்து, ஊறவைத்து, மணல் சேர்த்து, குதிகாலால் ஓரத்திலிருந்து நடுவுக்கு வட்டமாக மிதித்து வர வேண்டும். இடையில் காலுக்குத் தட்டுப்படும் சிறு கல்லையும் வேரையும் எடுத்துவிட வேண்டும். பல வாரங்கள் அதுவே வேலையாக இருந்தது. சக்கரத்தில் மண் நடுவில் நிற்பதும் நிற்காமல் போவதும் பெரும்பாலும் இந்த மிதியில்தான் இருக்கிறது என்பது இப்போது என் உறுதியான கருத்து.

கச்சேரியில் வாசிக்கும் மானாமதுரைக் கடம் கனமானது, சுவர் தடித்தது. சக்கரத்திலிருந்து எடுத்ததும் அது முடிந்துவிடுவதில்லை. பாதி காய்ந்த நிலையில் உள்ளே கல்லைப் பிடித்து, வெளியே மரத்தட்டால் ஓயாமல் தட்டியே வயிற்றைச் சீராக்குகிறார்கள். எங்கே தடிப்பு மிகுந்திருக்கிறது என்பதை ஓசையே சொல்லிவிடும் என்பார் பெரியவர். நானோ அதுவரை கோப்பையின் தடிப்பை ஊசி குத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிகுந்த சூட்டில் சுட்டு இறுக்கிய என் ஸ்டோன்வேர் கோப்பை ஒன்றை அவரிடம் கொடுத்தபோது, "தண்ணி குளிராத சட்டியை எதுக்குத் தம்பி செய்யிறீங்க?" என்றார். கேள்வி நியாயமானதே. அவர் சூளையின் சூடு 1000 டிகிரியை எட்டாது. அதனால் பானைச் சுவரில் நுண்துளைகள் தங்குகின்றன, அவற்றின் வழியே கசியும் நீர் ஆவியாகி உள்ளிருப்பதைக் குளிர்விக்கிறது. நான் 1250 டிகிரி வரை சுடுவதால் மண் இறுகி அந்தத் துளைகள் அடைபட்டுவிடுகின்றன. தேநீருக்கு அது நல்லது, குடிநீருக்கு அவர் பானையே நல்லது. ஆனால் என் கோப்பை ஒன்றின் விலையில் அவர் பானைகள் பலவற்றை வாங்கலாம். இந்தக் கணக்கு இன்றும் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

விளாச்சேரியில் கொலு பொம்மைக்கு அச்சில் மண்ணை அழுத்தும் முறையைப் பார்த்தேன். கீழடி அருங்காட்சியகத்தின் கருப்பு-சிவப்புப் பாண்டங்கள் வேறொரு ஆசையைக் கிளப்பின. பாண்டத்தைக் கவிழ்த்துச் சுட்டால் காற்றுப் படாத உட்புறம் கருக்கும், வெளிப்புறம் சிவக்கும் என்பார்கள். அதைச் செய்து பார்க்க எனக்கு இன்னும் சரியான சூளை அமையவில்லை.

கண்மாய் மண்ணில் இரும்புச் சத்து அதிகம்; என் சூளையின் சூட்டில் அது உருகிச் சரிந்துவிடும். ஆகவே பாத்திரத்துக்கு வேறு மண்ணும், மேற்பூச்சுக்கு இந்த மண்ணும் என்று வைத்துக்கொண்டேன். துணியில் சலித்து, விறகுச் சாம்பலோடு கரைத்துப் பூசினால், சாம்பலின் அளவைப் பொறுத்துத் தேன் நிறத்திலிருந்து கரும்பழுப்பு வரை வருகிறது. மிதிப்பதை மட்டும் இப்போதும் நானே செய்கிறேன்.