சாடியில் லீமாவ் கஸ்தூரி: துளிர் மஞ்சள், பிஞ்சு உதிர்கிறது

பாயான்லெப்பாஸ்_பால்கனி:
வணக்கம். சீனப் புத்தாண்டுக்கு வாங்கின லீமாவ் கஸ்தூரி, அதான் சின்ன எலுமிச்சைச் செடி. 12 அங்குலச் சாடி, கிழக்குப் பார்த்த பால்கனி, காலை வெயில் நாலு மணி நேரம். துளிர் இலை மஞ்சளா இருக்கு, நரம்பு மட்டும் பச்சை. பூ வருது, பிஞ்சு மிளகளவு ஆனதும் கொட்டிடுது. மண்ணுல பாதிக்குப் பாதி எரிச்ச உமி, மாசம் ஒருதரம் கோழி எரு. இது எலுமிச்சை வகைச் செடியையே அழிச்சிடுற கிரீனிங் நோயா? வெட்டிடணுமா?

மண்வெட்டி:
வெட்டாதீங்க. துளிர்ல நரம்பு பச்சையா நின்னு நடுவுல மஞ்சளானா இரும்புச்சத்துக் குறை. காரணம் உங்க உமிதான். எரிச்ச உமி காரத்தன்மை உள்ளது, அமிலத்துக்கு எதிர். இந்தச் செடிக்கு மண்ணோட பிஎச், அதாவது அமில-கார அளவு, 5.5க்கும் 6.5க்கும் நடுவுல இருக்கணும். அதைத் தாண்டினா மண்ணுல இரும்பு இருந்தும் வேரால எடுக்க முடியாது.

16 அங்குலச் சாடிக்கு மாத்துங்க. செம்மண் 3 பங்கு, மக்கின உரம் 1, தேங்காய்நார்த்தூள் 1, பருமணல் 1. உமியை இந்தத் தடவை விட்டுடுங்க. சாடியைச் சுத்தி வட்டமா ஓடின வேரை நறுக்கிடுங்க. தண்டு முன்னாடி எந்த ஆழத்துல இருந்துச்சோ அதே ஆழம்தான். மேல மண் அணைச்சா தண்டு அழுகும். இருக்கிற காயையெல்லாம் பறிச்சிடுங்க. அலங்காரத்துக்கு விக்கிற செடி, என்ன மருந்து அடிச்சாங்களோ, பிழிஞ்சு குடிக்காதீங்க. செலேட் இரும்பு (செடி சுலபமா எடுத்துக்கிற இரும்பு உரம்) லிட்டருக்கு 1 கிராம் கரைச்சு சாயங்காலம் இலைக்கு அடிங்க. பழைய இலை தேறுதான்னு பார்க்காதீங்க, அடுத்த துளிரைப் பாருங்க.

ஆயர்ஈத்தாம்_அக்கா:
மண்வெட்டி சொல்றது சரி, ஆனா கிரீனிங்கை அவ்வளவு சுலபமா ஒதுக்கிட வேணாம் தம்பி. முத்தின இலை ஒண்ணுல, நடுநரம்புக்கு ரெண்டு பக்கமும் நேருக்கு நேர் பேனாவால வட்டம் போடுங்க. ரெண்டு வட்டத்துக்குள்ளயும் ஒரே நிறம்னா சத்துக் குறை. ஒண்ணு பச்சை, ஒண்ணு திட்டுத்திட்டா மஞ்சள்னா கிரீனிங் சந்தேகம். அதுக்கு மருந்தே கிடையாது. பரப்புறது சைலிட் பூச்சி. எள்ளை விடக் கொஞ்சம் பெருசு, துளிர்ல தலையைக் குனிஞ்சு வாலைத் தூக்கிக்கிட்டு சாய்வா உட்கார்ந்திருக்கும். கறிவேப்பிலையிலயும் கெமுனிங்ங்கிற வெள்ளைப் பூச்செடியிலயும் கூட வளரும், நம்ம வீட்டுல கறிவேப்பிலை இல்லாம இருக்குமா? அதையும் புரட்டிப் பாருங்க.

பாயான்லெப்பாஸ்_பால்கனி:
பார்த்துட்டேன்க்கா, ரெண்டு வட்டமும் ஒரே நிறம். பூச்சியும் இல்ல. அப்போ பிஞ்சு கொட்டுறது?

மண்வெட்டி:
வெயில் பத்தல. ஆறு மணி நேரமாவது வேணும், கம்பி ஓரமாத் தள்ளி வைங்க. இன்னொண்ணு தண்ணி. உயரத்துல காத்து சாடியைச் சட்டுனு காய வைக்கும். வாடவிட்டு அப்புறம் மொத்தமா ஊத்தினா பிஞ்சு நிக்காது. விரலை ரெண்டு அங்குலம் விட்டுப் பாருங்க, காஞ்சிருந்தா அடியில வழியுற வரைக்கும் ஊத்துங்க, தட்டுல தேங்கவிடாதீங்க. சாடி மாத்தினதும் உரம் போட வேணாம். புதுத் துளிர் முத்தினப்புறம் 12-12-17 (தழை, மணி, சாம்பல் சத்து விகிதம்) நீல உரம், மாசம் ஒரு மேசைக்கரண்டி, சாடி விளிம்போரமா. தண்டுகிட்டப் போட்டா வேர் கருகிடும்.