இ.எம்.இ. மெக்கானிக் தாத்தாவின் வாழ்க்கையை எழுத எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி (பட்டறைப்பேரன்):
தாத்தா ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவு (வண்டி, ஆயுதம், கருவிகளைப் பழுது பார்க்கும் பிரிவு), வெஹிக்கிள் மெக்கானிக். 1962-இல் சேர்ந்து 1979-இல் ஹவில்தாராக வெளியே வந்தவர். 65, 71 பாகிஸ்தான் போர் இரண்டிலும் ஃபீல்ட் ஒர்க்‌ஷாப்பில் இருந்திருக்கிறார். பிறகு ஊரில் டீசல் என்ஜின், பம்ப்செட் பட்டறை. இப்போது 84 வயது. காது மந்தம், பேச்சு தெளிவு, வருஷங்கள்தான் குழம்புகின்றன. டிரங்குப் பெட்டியில் கிழிந்த டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. (ஓய்வூதிய ஆணை), ஐந்து பதக்கங்கள், பாட்டிக்கு எழுதிய கடிதக் கட்டு கிடைத்தன. குடும்பத்துக்காக முழுசாக எழுதி வைக்க ஆசை. இன்னொன்று: டிஸ்சார்ஜ் புக்கில் பிறந்த வருஷம் 1942, ஆதாரில் 1945. பாட்டி பெயரும் இரண்டிலும் வேறு வேறு. இது பிரச்சினை ஆகுமா?

பதில் 1 (சிப்பாய்வீடு):
முதலில் பதக்கங்களைத் தேய்க்காதீர்கள் ஐயா. புளியோ பிராஸோவோ போட்டுப் பளபளப்பாக்கினால் பொறித்திருக்கும் எழுத்து மழுங்கிவிடும். விளிம்பிலோ பின்புறத்திலோ எண், ரேங்க், பெயர், பிரிவு இருக்கும். அந்த எழுத்துதான் ஆதாரம். உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, சாய்வான வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள்.

வருஷக் குழப்பத்தைப் பதக்கங்களே பாதி தீர்த்துவிடும். சமர் சேவா ஸ்டார் என்றால் 1965 போர்க்களம். 71-க்கு பூர்வி ஸ்டார் கிழக்கு, பஸ்சிமி ஸ்டார் மேற்கு; எது இருக்கிறது என்று பார்த்தால் எந்த முனையில் இருந்தார் என்பது தெரிந்துவிடும். சங்கிராம் மெடல் போர்முனைக்குப் போகாதவர்களுக்கும் கிடைத்தது, அதை வைத்து இடம் சொல்ல முடியாது. சைன்ய சேவா மெடலாக இருந்தால் ரிப்பனில் உள்ள பட்டையைப் படியுங்கள், பகுதியின் பெயர் அதில் இருக்கும்.

டிஸ்சார்ஜ் புக்கில் சேர்ந்த தேதி, டிரேடு, வெளிவந்த காரணம், பதக்கப் பட்டியல் எல்லாம் இருக்கும். அந்தப் பட்டியலையும் பெட்டியில் இருப்பதையும் ஒப்பிடுங்கள். பட்டியலில் இருந்து கையில் இல்லாதது தொலைந்தது என்று முடிவு கட்ட வேண்டாம், அந்தக் காலத்தில் பலருக்கு வந்து சேரவே இல்லை. செகந்திராபாத் இ.எம்.இ. ரெக்கார்ட்ஸுக்கு (பணி ஆவணங்கள் வைத்திருக்கும் அலுவலகம்) எண், ரேங்க், பெயர் குறிப்பிட்டு எழுதிக் கேளுங்கள்.

பதில் 2 (கிரீஸ்துணி):
வருஷத்தைக் கேட்காதீர்கள், வண்டியைக் கேளுங்கள். மெக்கானிக்குக்கு நினைவு என்ஜினில்தான் இருக்கும். "செஞ்சூரியனா விஜயந்தாவா?" என்று ஆரம்பியுங்கள், இரண்டும் அந்தக் கால டாங்கிகள். செஞ்சூரியனில் 12 சிலிண்டர் மீட்டியார் பெட்ரோல் என்ஜின். விஜயந்தாவில் லேலண்ட் எல்60: ஒரு சிலிண்டருக்கு எதிரெதிராக இரண்டு பிஸ்டன், ஆறு சிலிண்டருக்குப் பன்னிரண்டு, மேலும் கீழும் கிராங்க் ஷாஃப்ட். சிலிண்டர் லைனர் சீல் கசிந்து கூலன்ட் போவது அதற்குத் தீராத நோய். அதைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள், நிறுத்தாமல் பேசுவார்.

ஆவடியில் முதல் விஜயந்தா வெளிவந்தது 1965 டிசம்பர் கடைசியில். அந்தப் போர் நிறுத்தம் செப்டம்பர் 23. ஆகவே விஜயந்தா வரும் நினைவு எதுவும் 65 போரைச் சேர்ந்ததல்ல. இப்படித்தான் சம்பவங்களை வரிசைப்படுத்த வேண்டும்.

காலையில் அரை மணி நேரம் போதும். போனைச் சட்டைப் பையில் வைக்காமல் அவர் வாய்க்கு அருகில் மேஜைமேல் வையுங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள். கையில் ஒரு ஃபீலர் கேஜோ (இடைவெளி அளக்கும் தகடு) பழைய இன்ஜெக்டரோ கொடுங்கள், விரல் தொட்டதும் பேச்சு வரும். என்ன பழுது, என்ன ஸ்பேர் வரவில்லை, அதற்குப் பதில் எதைப் பொருத்தினார்கள் என்று கேளுங்கள். பட்டறைக் காலத்துக்கும் இதே முறைதான். வேலைக் கணக்கு நோட்டு இருந்தால் எண்ணெய்க் கறையைத் துடைக்காமல் அப்படியே 300 டிபிஐயில் ஸ்கேன் செய்யுங்கள்.

பட்டறைப்பேரன்:
நன்றி ஐயா. கடிதங்களில் முகவரி எல்லாம் '56 ஏ.பி.ஓ.' (ராணுவத் தபால் நிலையம்) என்றுதான் இருக்கிறது. ஊர் பெயரே இல்லை.

பதில் 3 (சிப்பாய்வீடு):
இருக்காது, இருக்கக்கூடாது என்பதற்காகத்தான் அந்த முகவரி. வடக்கு, மேற்குப் பகுதிகளுக்கு 56, கிழக்கே 99. ஆனால் தபால் முத்திரையில் எஃப்.பி.ஓ. (களத் தபால் நிலையம்) என்று ஒரு எண்ணும் தேதியும் இருக்கும். அந்த எண்ணைத் தேதியோடு குறித்து வரிசையாக அடுக்குங்கள். எண் மாறும் இடத்தில் அநேகமாக யூனிட் இடம் மாறியிருக்கும். பாட்டியை விட்டுவிடாதீர்கள். பிள்ளைகள் பிறந்தது, வீடு கட்டியது, தாத்தா லீவில் வந்தது எல்லாம் பாட்டிக்குத் தேதியோடு நினைவிருக்கும். இரண்டு பேர் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.

பதில் 4 (பென்ஷன்கணக்கு):
பெயரும் பிறந்த வருஷமும் இப்போதே சரிசெய்ய வேண்டியவை. கதை எழுதுவதைக்கூடத் தள்ளிப்போடலாம், இதைத் தள்ளக்கூடாது.

80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல், 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறில் 100. 1942 என்றால் 2022-லிருந்தே 20 சதவீதம் வந்திருக்க வேண்டும். ஸ்பர்ஷில் (ராணுவ ஓய்வூதிய இணையதளம்) பதிவான பிறந்த தேதியைப் பாருங்கள். 1945 என்று ஏறியிருந்தால் மூன்று வருஷம் விடுபட்டிருக்கும், நிலுவை கேளுங்கள். ஆதாரைத்தான் பி.பி.ஓ. நகல் கொடுத்து மாற்ற வேண்டும். சர்வீஸ் ஆவணத்தை ஆதாருக்கு ஏற்ப மாற்ற முயலாதீர்கள்.

பாட்டி பெயருக்கு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாக ரெக்கார்ட்ஸுக்கு விண்ணப்பம். பிரமாண வாக்குமூலம், இருவரும் சேர்ந்த போட்டோ, இருவர் ஆதார், டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. நகல்கள் வேண்டும். அங்கே பார்ட் டூ ஆர்டர் (சர்வீஸ் ஆவணத்தில் மாற்றத்தைப் பதியும் உத்தரவு) போட்டபின் பிரயாக்ராஜ் பென்ஷன் அலுவலகம் திருத்திய பி.பி.ஓ. தரும். பாட்டியின் பிறந்த தேதியும் அதில் ஏறுகிறதா பாருங்கள். குடும்ப ஓய்வூதியத்திலும் இதே வயதுக் கூடுதல் உண்டு. தேதி இல்லாவிட்டால் அது கிடைக்காது. தாத்தா கையெழுத்துப் போடும் நிலையில் இருக்கும்போது இந்த வேலை சில கடிதங்களில் முடியும். பிறகு பாட்டி ஒற்றை ஆளாக அலைய வேண்டியிருக்கும்.