ஆட்டோ லெவல்: உப்பளத்துக்கு மட்டம் கொண்டுபோனதில் 46 மி.மீ. பிசகு, எங்கே தப்பு?

பாத்திக்காரன்:
வாலிநோக்கம் பக்கம் ஒரு உப்பளத்துக்கு ஆட்டோ லெவல் (முக்காலிமேல் வைத்து உயர வித்தியாசம் பார்க்கிற தொலைநோக்கிக் கருவி) வைத்து மட்டம் எடுக்கிறேன். ரோட்டுப் பாலத்துச் சுவரில் குறித்த ஆர்.எல். (அந்த இடத்தின் உயரம், மீட்டரில்) 3.250. அங்கிருந்து பாத்தி வரை 1.4 கி.மீ. போக 14 ஸ்டேஷன் (கருவி வைத்த இடம்), வர 14. போகும்போதும் வரும்போதும் பேக்சைட் (உயரம் தெரிந்த புள்ளியில் நிறுத்திய ஸ்டாஃப் என்ற அளவுகோலைப் படிப்பது) 30 மீட்டர், ஃபோர்சைட் (உயரம் காண வேண்டிய அடுத்த புள்ளியில் படிப்பது) 70 மீட்டர் வாக்கில் வைத்தேன். பாலத்துக்கே திரும்பி முடித்தால் 3.296 வருகிறது. பேக்சைட் மொத்தத்தில் ஃபோர்சைட் மொத்தத்தைக் கழித்தாலும் அதே 0.046, ஆகவே கூட்டலில் பிழை இல்லை. இதை எல்லா ஸ்டேஷனுக்கும் பங்குபோட்டுச் சரிசெய்துவிடலாமா?

குமிழ்மட்டம்:
வேண்டாம் தம்பி. சாதாரண வேலைக்கே 24 மி.மீ. பெருக்கல் கிலோமீட்டரின் வர்க்கமூலம்தான் பிசகுக்கு வரம்பு. 2.8 கி.மீ.க்கு 40 மி.மீ. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள். பாத்திக்குப் பாத்தி இறக்கமே சில சென்டிமீட்டர்தான். இந்தப் பிசகு அங்கே தண்ணீரைத் திருப்பிவிடும்.

முதல் சந்தேகம் அந்த 30-க்கு 70. லெவலின் பார்வைக்கோடு துளி சாய்ந்திருந்தாலும் தூரத்துக்குத் தக்கபடி ரீடிங் பிசகும். இரண்டு தூரமும் சமமானால் கழிக்கும்போது அந்தப் பிசகு அடிபட்டுப் போகும். உங்களுக்கு ஸ்டேஷனுக்கு 40 மீட்டர் மிச்சம், 28 ஸ்டேஷனுக்கு 1120 மீட்டர். திரும்பி வரும்போதும் ஃபோர்சைட்டே நீளம் என்பதால் பிழை கழியாமல் கூடிக்கொண்டே வரும். கடைசி ஆர்.எல். ஏறி வந்திருப்பதால், கோடு கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கலாம்.

சோதித்துவிடுங்கள். 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை. லெவலை நட்டநடுவில் வைத்து இரண்டையும் படியுங்கள். அ 1.432, ஆ 1.287 என்றால் உண்மை வித்தியாசம் 0.145, கோடு சாய்ந்திருந்தாலும் இது மாறாது. பிறகு லெவலை அதே நேர்கோட்டில் அ-வுக்கு 3 மீட்டர் வெளிப்பக்கமாக வையுங்கள். அ 1.510 என்றால் ஆ 1.365 வர வேண்டும். 1.363 வந்தால் 50 மீட்டருக்கு 2 மி.மீ. கீழே இறங்குகிறது. உயரத்தை மாற்றி வைத்து மூன்று தடவை பாருங்கள்.

கச்சான்காத்து:
அண்ணன் சொன்னது சரி. அதோடு தரையையும் பாருங்க. உப்புப் பொருக்கு மேலே கெட்டி, கீழே களி. பேக்சைட் படிச்சு ஃபோர்சைட் படிக்கிறதுக்குள்ள முக்காலி 1 மி.மீ. இறங்கினாலும் ஆர்.எல். ஏறும். ஸ்டாஃப் நிக்கிற டர்னிங் பாயிண்ட் (லெவலை அடுத்த இடத்துக்கு மாத்தும்போது ஸ்டாஃப் அங்கேயே நிக்கிற இடைப்புள்ளி) அமுங்கினாலும் ஏறும். ரெண்டும் ஒரே திசைதான், ஒண்ணை ஒண்ணு கழிக்காது.

சீமைக்கருவேல முளை, ரெண்டடி நீளம், முழுசா அடிச்சு இறக்கி, தலையில உருண்டைக் கொண்டை ஆணி ஒண்ணு. டர்னிங் பாயிண்ட்டுக்கு அதுதான். முக்காலிக் கால் மூணுக்கும் அடியில அதே மாதிரி முளை. படிக்கும்போது முக்காலியைச் சுத்தி நடக்காதீங்க. ஸ்டாஃப் அடியில களி ஒட்டினா 3 மி.மீ. போயிடும், ஒவ்வொரு தடவையும் துடைக்கணும். இழுத்து நீட்டுற ஸ்டாஃப்னா பித்தான் 'டக்'னு விழுந்ததான்னு பாருங்க; மணலும் உப்பும் அடைச்சா முழுசா பூட்டாது.

பத்து மணிக்கு மேல தரையில கானல் ஆடும், லெவலுக்குள்ள பார்க்கிற குறுக்குக் கம்பி குதிக்கும். விடிஞ்சதும் தொடங்கி ஒன்பதரைக்குள்ள முடிச்சிடுங்க. ஸ்டாஃப்ல 0.5 மீட்டருக்குக் கீழே படிக்கவே வேணாம்.

பாத்திக்காரன்:
மூன்று தடவையும் சோதித்தேன். 50 மீட்டருக்கு 1 மி.மீ. கீழே. அப்படியென்றால் 46 முழுவதும் இதனால் வரவில்லையே?

குமிழ்மட்டம்:
ஆமாம். 1120 மீட்டருக்குச் சுமார் 22 மி.மீ. இதில் போகிறது. மிச்சம் 24, அதை 28 ஸ்டேஷனுக்குப் பிரித்தால் ஒன்றுக்கு 1 மி.மீ.கூட இல்லை. களியில் அமுங்கியது என்பதோடு அது நன்றாகவே பொருந்துகிறது.

லெவல் திருகைத் தொடாதீர்கள். 40-க்கு 40 வைத்து முளை அடித்து மறுபடி ஓட்டுங்கள். தூரத்துக்கு டேப் வேண்டாம்: மேல்கம்பி ரீடிங்கில் கீழ்கம்பியைக் கழித்து 100-ஆல் பெருக்கினால் மீட்டர். இரண்டின் சராசரி நடுக்கம்பியோடு 2 மி.மீ.க்குள் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே மறுபடி படியுங்கள். இந்த ஓட்டத்தில் பிசகு 20 மி.மீ.க்குள் வந்தால் அதைப் பங்குபோடலாம்.

கடல்நீர் வாய்க்கால் மட்டத்தையும் அந்தப் பாலத்துக் குறியிலிருந்தே கொண்டுபோங்கள். கரையில் தண்ணீர் நிற்கிற இடத்தைப் பூஜ்யமாக எடுக்காதீர்கள், ஓதம் ஏறி இறங்குவதில் அது மணிக்கு மணி மாறும்.